முனிகிருஷ்ணன் கடையில் புரட்டாசிச் சனி

படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் கும்மிடிப்பூண்டி ரோட்டில் மீனுக்கென்றே முதலில் ஓட்டல் போட்டவன் யார் என்று கேட்டால், முனிகிருஷ்ணன் பேரைத்தான் சொல்லியாக வேண்டும். யாரும் கைதூக்கி விடவில்லை. படகை விற்றான், மூங்கில் நட்டான், கீற்று வேய்ந்தான், நாலு பெஞ்சு அடித்தான். அத்தனையும் தன் கையால். எழுபத்தாறாம் வருஷம் அது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. கல்கத்தா வரை போகிற அந்த ரோட்டில் லாரி ஓயாது. இத்தனை வயிறு போய் வருகிற இடத்தில் நல்ல மீன் குழம்பு இல்லையே என்று யோசிக்க அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு மூளைதான் இருந்தது.

அதற்கு அவன் கொடுத்தது சின்ன விலை இல்லை. பழவேற்காடு ஏரியில் இன்ன நாள் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று ஊர்கூடி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். குப்பத்து ஆளுக்கு அதுதான் சொத்து. அதையே வேண்டாம் என்று ஊர் நடுவில் நின்று சொன்னான். பெரியவர்கள் சிரித்துவிட்டு, "கடை திறக்கிற அன்னிக்கு சாயங்காலம் வரிக்கும் உன் பாடு உனக்கு. அப்பால வேற ஆளுக்கு" என்று தவணை கொடுத்தார்கள். பாடு வேண்டுமா வேண்டாமா என்ற பதிலை வாங்கிவர, அவன் பெண்டாட்டி கனகாம்பாளின் தம்பி மணவாளனை அனுப்பினார்கள். அவன் விடியற்காலையிலேயே இரண்டு கூடை மீனோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

முனிகிருஷ்ணன் சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் கடை திறந்தான். அன்றைக்குக் கம்பெனிகளில் அரை நாள். பெரிய சட்டியில் மடவை மீன் குழம்பு, நண்டு, இறால் தொக்கு, மசாலா தடவிய கிழங்கான் மீன். கனகாம்பாள் கைமணத்துக்குக் குறையே சொல்ல முடியாது.

முதல் லாரி நின்றது. நெல்லூர்க்கார டிரைவர் இறங்கி வந்து, "சாம்பார் கீதா, நைனா?" என்றான்.

"சாம்பாரா? நண்டு கீது, எறா கீது, மடவ கீது. இன்னா வேணும், சொல்லு."

டிரைவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான். அடுத்து வந்தவனும் அப்படித்தான். மூன்றாவது ஆள் படியே ஏறவில்லை. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

கனகாம்பாளுக்குத்தான் முதலில் உறைத்தது. "யோவ், வந்தவன் அத்தினி பேர் நெத்தியிலயும் நாமம் பார்த்தியா? புரட்டாசி மொத சனிக்கெழம இன்னிக்கு! எவன்யா மீன் துண்ணுவான்?"

முனிகிருஷ்ணன் கரண்டியைச் சட்டியிலேயே விட்டான். ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு மீன் இல்லாத மாதம் என்று ஒன்று இருப்பதே நினைப்பில் இல்லை. குப்பத்தில் புரட்டாசியிலும் அடுப்பில் மீன்தான்.

மணவாளன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, ஒலகத்துலயே நாமக்காரனுக்கு நண்டுக்கட போட்ட ஆளு நீதான்! மூட்டயக் கட்டு. பொழுதோட போனா பாடாவது மிஞ்சும்."

"வாய மூடு மச்சான். பொழுது எங்க சாஞ்சிது?"

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் ரோட்டை விட்டு நகரவில்லை. அப்போது சைக்கிளில் ஒரே ஒரு ஆள் வந்து இறங்கினான். எதிர்க் கம்பெனியில் ஃபிட்டர், பேர் தாவீது, அன்றைக்கு லீவு. மூன்று முறை சோறு வாங்கினான். மடவைத் தலையைச் சத்தம் வர உறிஞ்சினான்.

"புரட்டாசி இல்லியா உனக்கு?" என்றான் முனிகிருஷ்ணன்.

"நாங்க ஏசு சாமி கும்புடுற வேதக்காரங்க, அண்ணாத்தே. எங்களுக்கு இன்னா புரட்டாசி?"

"உன்ன மாதிரி எத்தினி பேரு உள்ள கீறாங்க?"

"எங்க ஷிப்ட்லயே முப்பது நாப்பது பேரு. ரெண்டு மணிக்குக் கேட்டு தொறந்தா நேரா ரயிலுக்கு ஓடுவானுங்க. இங்க கட கீறதே எவனுக்கும் தெரியாதே."

கேட் முன்னால் போய்க் கத்திக் கூப்பிடலாம் என்றான் மணவாளன். முனிகிருஷ்ணன் வாசலுக்கு வந்து ஓலையின் நுனியைப் பார்த்தான். அது அசையவில்லை. ஆனால் இருபது வருஷம் படகு ஓட்டியவனுக்குத் தெரியும்: உச்சி சாய்ந்தால் கடல்காற்று கிளம்பும். கிழக்கே கடை, மேற்கே கம்பெனி கேட், நடுவே ரோடு. படித்த என்ஜினீயர் எவனுக்கும் தோன்றாத கணக்கு அது.

"கனகா, அடுப்ப வெளிய எடு! மச்சான், செங்கல்லு தூக்கு!"

ரோட்டோரம் அடுப்பு மூட்டி, பெரிய தோசைக்கல்லைப் போட்டான். ஒன்றே முக்காலுக்கு ஓலை சலசலத்தது. உடனே எண்ணெயை ஊற்றிக் கிழங்கானை வரிசையாகப் போட்டான். கறிவேப்பிலையும் பூண்டும் வெடித்த புகை, தலை குனிந்து, நேராக ரோட்டைத் தாண்டிக் கேட்டுக்குள் போனது.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. வெளியே வந்த கூட்டம் ரயில் பக்கம் நாலடி வைத்து நின்றது. நாற்பது மூக்கு ஒன்றாகத் திரும்பியது. "இங்கதாண்டா!" என்று தாவீது பெஞ்சின்மேல் ஏறிக் கையாட்டினான்.

உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே தின்றார்கள். நாமம் போட்ட சூப்பர்வைசர்கூட ஒருவர் மரத்துக்குப் பின்னால் நின்று, "ஊட்ல பூனைக்கு நாலு துண்டு கட்டு" என்றார். "பூனைக்கு எலும்பு போதுமே, சார்" என்றாள் கனகாம்பாள். "எங்க பூன சதைதாம்மா துண்ணும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

நாலு மணிக்குச் சட்டியின் அடி தெரிந்தது. ஜெயராஜ் என்ற வெல்டர் கை கழுவிக்கொண்டே, "நாளைக்குக் கோயில் முடிஞ்சி பொண்டாட்டி புள்ளைங்களோட வர்றோம். நண்டு மட்டும் தீந்துடக் கூடாது" என்றான்.

மணவாளன் இப்போது சிரிக்கவில்லை. "மாமா, ஊருக்கு இன்னா சொல்றது?"

"பாடு வேணாம்னு சொல்லு. அத நீ கேட்டு வாங்கிக்கோ. ஆனா வலையில ஏர்ற நல்ல மீனு மொதல்ல இங்க வரணும். நாளைக்கு நாலு கூட மீனு. ஏழு மணிக்குள்ள வந்துடு, மச்சான்."