அஷ்டமியன்று கோர்ட்டுக்குப் போகாதவள்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் நான் புரூப் பார்க்கிறேன். ராகுகாலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். அந்தத் திமிரில், அச்சில் வந்தது எதுவானாலும் எனக்குப் புரியும் என்றிருந்தேன். கோர்ட் அமீனா மல்லாங்கிணற்றில் அம்மா வீட்டு வாசலுக்கு வந்து ஒரு நோட்டீஸை நீட்டியதும் அந்தத் திமிர் இறங்கிவிட்டது.

காரியாபட்டியில் இருந்த கணவர் வீட்டை விட்டு நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் போட்ட வழக்குக்குப் பெயர் ‘தாம்பத்திய உரிமை மீட்பு’. அவர் மனுதாரர், நான் எதிர்மனுதாரர். ‘எதிர்’ என்று போட்டதற்கே அம்மாவுக்குக் கோபம். நாலு தடவை படித்தேன். ஒரு எழுத்துப்பிழை அகப்பட்டது, அர்த்தம் அகப்படவில்லை. கேஸ் ஜெயித்தால் போலீஸ் வந்து என்னை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கோர்ட்டுக்கு வரச்சொன்ன தேதியைக் காலண்டரில் பார்த்தோம். அஷ்டமி. போதாததற்கு என் ராசிக்குச் சந்திராஷ்டமம். கோர்ட்டுச் சொற்களில் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வாய்தா. போகாவிட்டால் வாய்தா போடுவார்கள், நல்ல நாளில் போய்க்கொள்ளலாம் என்றாள் அம்மா. நானும் தலையாட்டிவிட்டு, அன்றைக்குக் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து, தசமியன்று, தலையில் பூவோடு விருதுநகர் கோர்ட்டுக்குப் போனோம்.

கிளார்க் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தார். மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஆள் வராததால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்றார். அம்மா அதை ஏதோ நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு அவருக்கு நன்றி சொன்னாள்.

வெளியே டீக்கடையில் விசாரித்து ஒரு பெண் வக்கீலைப் பிடித்தோம். என்னைவிடச் சின்னவர். நாங்கள் நாள் பார்த்து வந்த கதையைக் கேட்டுச் சிரித்தார். எக்ஸ்பார்ட்டி என்றால் இனி கணவர் தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுவார்கள், ஆனால் மனுப் போட்டு அதை ரத்து செய்யலாம் என்றார். எப்படிப்பட்ட தீர்ப்பு வந்தாலும் யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றும் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் சொன்னபடியே பிறகு அது ரத்தானது. வழக்கு இன்னும் நடக்கிறது.

நான் தகுந்த காரணம் இல்லாமல் பிரிந்து வந்ததாகக் கணவரின் மனுவில் எழுதியிருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள் என்று வக்கீல் அன்றைக்கே கேட்டார். எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்: அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஒத்துவரவில்லை. அடிக்காத மனிதரை விட்டு வந்தவள் என்று ஊர் பேசியது. சில நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கணவர் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டார். சொன்னேன். வேலை முடிந்து வந்ததும் போனைக் கணவர் கையில் கொடுக்க வேண்டும். வேனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன், யாரிடம் என்ன பேசினேன் என்று ஒப்பிக்க வேண்டும். படுக்கும் முன் அதையே மறுபடி சொல்ல வேண்டும். ஒரு பெயர் மாறிவிட்டால் நாலு நாளைக்கு அந்த வீட்டில் என்னோடு யாரும் பேச மாட்டார்கள்.

வக்கீல் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அக்கா, இதுக்குச் சட்டத்துல பேரு இருக்கு. மனக்கொடுமை.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான முதல் மாதமே இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அனுசரித்துப் போ என்று பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பியவள் அவள்தான். இப்போது என்னைப் பார்க்காமல் வக்கீலைப் பார்த்தாள்.

“இதையெல்லாம் தப்புன்னு எழுதியே வச்சிருக்காகளா? தெரிஞ்சிருந்தா நான் இவள அன்னைக்கு பஸ் ஏத்தியிருக்க மாட்டேனே தாயி.”