வெங்காய மண்டியில் எத்தியோப்பியச் சாப்பாடு

ஆப்பிரிக்கச் சாப்பாடு சாப்பிடுவதற்காக மதுரையிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறிய ஆள் அந்தக் காலத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். எனக்கு இருபத்தேழு வயது, தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், முக்கொம்பில் கட்டுச்சோறு பிரிப்பார்கள். நான் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்குப் போனேன். பெங்களூரிலும் டெல்லியிலும் எத்தியோப்பிய ஓட்டல் தேடும் பிள்ளைகள் இந்த வலைப்பூவில் அடிக்கடி விவரம் கேட்பதால், முதன்முதலில் அந்தச் சாப்பாட்டை நான் தேடிப் போன கதையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் என் அக்காவால் வந்தது. அந்த நாட்களில் நம் ஊர் ஆசிரியர்கள் பலர் எத்தியோப்பியாவுக்குப் பாடம் நடத்தப் போனார்கள், அக்காவும் போனாள். அவளோடு அதே பள்ளியில் கணக்கு எடுத்தவர் திருச்சிக்காரர் சேவியர். அங்கே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த அல்மாஸ் என்ற எத்தியோப்பியப் பெண்ணை அவர் கல்யாணம் செய்துகொண்டார். அந்த நாட்டில் ஆட்சி மாறி நிலைமை கெட்ட பிறகு அக்கா முதலில் ஊர் திரும்பினாள். சில வருடம் கழித்துச் சேவியரும் வந்தார், அல்மாஸ் திருச்சி மருமகளாக வந்து சேர்ந்தாள். மூன்று வருடம் ஆனதும், மார்க்கெட் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக் கடை திறக்கிறோம் என்று சேவியர் சொல்லி அனுப்பினார். அக்காவோ பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில் படுத்திருந்தாள். "நீ போயிட்டு வா. வெறுங்கையோட போகாதே" என்று ஒரு பித்தளை அண்டாவை என் தலையில் கட்டினாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு மதியம் கிளம்பினேன். மதுரையிலிருந்து திருச்சி நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை வழியாக மூன்றரை மணி நேரம் ஆனது. டிக்கெட் பன்னிரண்டு ரூபாய் சொச்சம், அண்டாவுக்கு லக்கேஜ் தனியாக இரண்டு ரூபாய். கண்டக்டர் அண்டாவை எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா சீர்?" என்றார். எத்தியோப்பியா சாப்பாட்டுக் கடைக்கு என்றேன். "அது எங்க வருது, விராலிமலை தாண்டியா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பஸ்ஸில் வேறு யாருக்கும்கூட அது தெரிந்திருக்காது.

இரவு ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் வீட்டில் தங்கினேன். வந்த காரணத்தை அந்த மாமாவிடம் சொன்னேன். "வெளியில சாப்பிடற வழக்கம் நமக்குக் கிடையாது. இருந்தாலும் கடல் தாண்டி வந்த பொண்ணு நாலு பேருக்கு அன்னம் போடறேங்கறா. கார்த்தால பெருமாளைச் சேவிச்சுட்டு அவளுக்காகவும் பிரார்த்திச்சுண்டு போ" என்றார். அப்படியே செய்தேன். கூட்டம் இல்லாத வெள்ளிக்கிழமை அதிகாலை ஸ்ரீரங்கத்தில் அபூர்வம். எனக்கு அது வாய்க்கவில்லை, வரிசையில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். பிறகு டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி, மெயின் கார்டு கேட்டில் இறங்கி, அண்டாவோடு ரிக்‌ஷா பிடித்தேன். மார்க்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் கேட்டார், ஒன்றே கால் கொடுத்தேன்.

கடை, மண்டிச் சந்தின் உள்ளே ஒரு பழைய வெங்காயக் கிடங்கு. சுண்ணாம்பு அடித்திருந்தும் சுவரெல்லாம் வெங்காய வாசனை. இரண்டு வரிசையாக பெஞ்சும் மேசையும் போட்டிருந்தார்கள். கோடியில் நீளமான ஒரு மேசைமேல் ஏழு பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, பக்கத்தில் நறுக்கிக் கழுவிய வாழை இலைகளை விரித்த தட்டுகளின் அடுக்கு. வாசலில் சேவியர் தன் கையாலேயே எழுதிய பலகை: எத்தியோப்பிய மதிய உணவு, நான்கு ரூபாய், வேண்டியதை வேண்டிய அளவு நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

"அடிஸ் அபாபால பெரிய ஓட்டல்கள்ல இப்படித்தான் வைப்பாங்க" என்றார் சேவியர். "மார்க்கெட் ஆளுங்க அவசரத்துல வருவாங்க. பரிமாற ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம். அவங்க இஷ்டம் போல எடுத்துச் சாப்பிட்டுப் போயிட்டே இருக்கலாம்." கணக்கு வாத்தியார் அல்லவா, எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்.

அண்டாவை வாங்கிக்கொண்டு என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அல்மாஸ். நல்ல உயரம், வெள்ளை நூல் புடவை, கொண்டைமேல் கட்டிய மெல்லிய துணி. பெரிய தட்டையான கல்லில் இஞ்சரா ஊற்றிக்கொண்டிருந்தாள். இஞ்சரா அவர்கள் ஊர்ச் சோறு என்றே சொல்லலாம். அங்கே டெஃப் என்ற சிறுதானியத்தில் செய்வார்கள். திருச்சியில் அதற்கு எங்கே போவது? கேழ்வரகு மாவில் கொஞ்சம் பச்சரிசி சேர்த்து, மூன்று நாள் புளிக்க வைத்து, பல மாதம் கெடுத்துக் கெடுத்துப் பழகியிருக்கிறாள். மேலே ஆப்பம் போலக் கண் கண்ணாக, கீழே தோசை போல வழுவழுப்பாக, முறம் அகலத்துக்கு வந்தது. மாற்றிப் போடுவதில்லை, மூடி வைத்து எடுப்பதோடு சரி. ஒன்றுகூடப் பிய்யவில்லை. தோசை வார்க்கத் தெரியும் என்று மார்தட்டுகிற நான் ஒன்று ஊற்றிப் பார்த்தேன். அதைப் பற்றி மேலே சொல்வதற்கில்லை.

அங்கேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் செல்லம்மா. ஜீயபுரத்திலிருந்து தினமும் விடியற்காலையில் கீரைக்கட்டோடு மார்க்கெட்டுக்கு வருகிறவர். அல்மாஸுக்குத் தமிழ் பாதி சேவியர் வீட்டில் வந்தது, மீதி இவரிடம் பேரம் பேசி வந்தது.

வெள்ளிக்கிழமை என்பதால் கவுச்சி இல்லை, பால் நெய்கூட இல்லை. அவர்கள் கிறிஸ்தவத்தில் புதனும் வெள்ளியும் விரதம். மசூர் பருப்பைப் பெர்பெரே என்ற சிவப்பு மசாலாவில் குழைய வேகவைத்தது, கடலை மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்ட ஷிரோ, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, முட்டைக்கோஸும் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது, பூண்டு போட்ட கீரை, பீட்ரூட், பச்சை மிளகாய்த் தக்காளி. ஒரு வாய் ருசி பார்த்தேன். காரம் முதலில் தெரியாமல் பின்னால் வந்து பிடித்தது. மிகமிக நன்றாக இருந்தது.

அதை அவளிடம் சொன்னேன். அல்மாஸ் கல்லைப் பார்த்தபடியே பேசினாள். "சேவியருக்கு நைரோபியில வேலை வந்திருக்கு. இந்த மாசம் பதில் சொல்லணும். நான் இங்க வந்து மூணு வருஷம். என்னைப் பாக்க எல்லாரும் வர்றாங்க. விசேஷத்துக்குப் போனா நாற்காலி போட்டு உக்கார வைக்கிறாங்க. என் கைச் சாப்பாட்டை மட்டும் ஒருத்தர் கூடக் கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்கன்னா இங்க இருக்கேன். இல்லன்னா போயிடுவோம்."

"போவா, போவா" என்றார் செல்லம்மா, கீரையிலிருந்து தலை நிமிராமல்.

பன்னிரண்டு மணிக்குச் சேவியர் ஒரு சின்ன ஜெபம் சொல்லிக் கதவைத் திறந்தார். கூட்டம் வந்தது. வேடிக்கை பார்க்கவாவது திருச்சியில் ஆள் வராமல் போவதில்லை. கமிஷன் மண்டிக்காரர்கள், லாரி ஆபீஸ் குமாஸ்தாக்கள், நான்கைந்து கல்லூரி ஆசிரியர்கள். வந்தவர்கள் எல்லோரும் நேராக பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். சேவியர் ஒவ்வொருவரிடமும் பலகையைக் காட்டி விளக்கி எழுப்பினார். தயங்கித் தயங்கித் தட்டை எடுத்தார்கள். பின்னால் ஆள் நின்று பார்க்கும்போது யார்தான் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள்? ஆளுக்கு ஒரு இஞ்சரா, ஒவ்வொன்றிலும் அரைக்கரண்டி. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான், இரண்டாவது முறை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, சிலர் இலையை மடித்துக் காசு கொடுத்துப் போனார்கள்.

கதவிடுக்கு வழியாக அல்மாஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு பாத்திரமும் நிறைந்து கிடந்தது. அவள் ஊரில் விருந்தாளி மறுபடி வாங்கவில்லை என்றால் சமைத்தவளுக்கு முகத்தில் அடித்தது போல. இரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து கல்லை இறக்கிவிட்டாள். "போதும், வசந்தா. சேவியரை நைரோபிக்கு எழுதச் சொல்றேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சுவரோரம் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். எதிர் மண்டி முதலாளி, ஜும்மா தொழுகை முடிந்து தொப்பியோடு வந்தவர். அவர் தட்டு துடைத்தாற்போல இருந்தது, ஆனால் இலை மடிக்கப்படவில்லை. வலது கையைத் தட்டுமேலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த வரிசையில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் வேணுங்களா?" என்று கேட்டேன்.

"கேக்க இவ்வளவு நேரமாம்மா? கை காய்ஞ்சு போச்சு. அந்தச் செவப்புப் பருப்பு எங்க?"

"அங்க இருக்குதே பாய், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு சொன்னாங்களே."

அவர் என்னை விவரம் கெட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சாப்பிட்ட கையால கரண்டியத் தொடுவாங்களா? சோத்துல பாதில எந்திரிச்சுப் போவாங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்ததில், தான் பிறந்த ஊர் எப்படிச் சாப்பிடும் என்பதைக் கணக்கு வாத்தியார் கணக்கில் எடுக்கவில்லை. எச்சில் கை கரண்டியில் படாது, இலை முன்னால் உட்கார்ந்தவன் நடுவில் எழுந்திருக்க மாட்டான், போதும் போதும் என்று சொல்லச் சொல்ல ஒருத்தர் வைத்தால்தான் நமக்குச் சாப்பிட்ட திருப்தி.

உள்ளே ஓடிப்போய் அல்மாஸிடம் சொன்னேன். முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "பிடிச்சிருக்கா? பிடிச்சிருந்தா ஏன் சும்மா உக்காந்திருக்காங்க?" நான் எல்லாவற்றையும் விளக்கியதும் அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "எங்க ஊர்லயும் இப்படித்தான் வசந்தா. நாம வற்புறுத்தணும். அவங்க வேண்டாம்னு சொல்லணும். நான் சேவியர்கிட்ட அப்பவே சொன்னேன், அவர்தான் இது திருச்சிக்குச் சரிவராதுன்னார்" என்றாள்.

பிறகு நடந்ததைப் பார்க்க இன்னொரு முறை மதுரையிலிருந்து பஸ் ஏறுவேன். பருப்புப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அல்மாஸ் வெளியே வந்தாள். காதர் பாய் தட்டில் இரண்டு கரண்டி விட்டாள். அவர் "போதும்மா" என்று கையால் மறித்தார். அவள் மூன்றாவது கரண்டி விட்டாள். அவர் முகத்தில் வந்த நிறைவு இருக்கிறதே, அதைப் பார்த்து அடுத்த பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் இலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்கள். நான் இஞ்சராத் தட்டோடு பின்னால் ஓடினேன். சேவியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷிரோ வாளியைத் தூக்கினார். போகிற போக்கில் வாசல் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

செல்லம்மா உள்ளே வந்து ஆண்களோடு உட்கார மறுத்து நிலைப்படியிலேயே நின்றிருந்தார். அல்மாஸ் அவரிடம் போய், இஞ்சராவில் கீரையும் பருப்பும் வைத்துச் சுருட்டி, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். அவள் ஊரில் மனசுக்கு நெருங்கியவர்களுக்கு அப்படித்தான் ஊட்டுவார்களாம், அதற்குப் பெயர் குர்ஷா. குழந்தைக்குத் தவிர நாம் யாருக்கு ஊட்டுகிறோம்? செல்லம்மா சுற்றும் முற்றும் பார்த்தார், வெட்கப்பட்டார், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மென்று முடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்குடி" என்றார். பிறகு தன் கையால் ஒரு வாய் சுருட்டி அல்மாஸுக்கு ஊட்டினார்.

"எங்களுக்கெல்லாம் தட்டுல போட்டாப் போதும்மா" என்று காதர் பாய் அவசரமாகச் சொன்னார். கடையே சிரித்தது.

மூன்று மணிக்கு ஆறு பாத்திரம் காலி. பீட்ரூட் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. கடைசியில் அல்மாஸ் எல்லோர் முன்னாலும் காபிக்கொட்டை வறுத்து, புகையை ஆளாளுக்கு முகரக் கொடுத்து, பாலில்லாமல் கடுங்காபி தந்தாள். திருச்சிக்காரர்கள் அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் எங்கம்மா?" என்றார். விரதம் என்று விளக்கினாள். விரதம் உனக்குத்தானே, எனக்கில்லையே என்றார் அவர்.

போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "நாளைக்கு எங்க மண்டியில எட்டுப் பேரு வருவோம். அந்தச் செவப்புப் பருப்பு இருக்குமா?"

அல்மாஸ் சேவியரைப் பார்த்தாள். "இருக்கும்" என்றாள்.

நைரோபிக்கு அவர்கள் போகவில்லை. அந்தக் கடை பல வருடம் நடந்தது, நான் திருச்சி போனபோதெல்லாம் போவேன். இன்று அந்த இடத்தில் வேறு கடை இருக்கிறது, தேடிப் போகாதீர்கள்.

எத்தியோப்பிய ஓட்டலுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புதன், வெள்ளியில் போனால் சைவம் நிறைய கிடைக்கும். புளிப்பு முதல் வாயில் பிடிக்காது, மூன்றாவது வாய்வரை பொறுங்கள். ஒரே தட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டியிருக்கும், உங்கள் முன்னால் இருப்பதை மட்டும் எடுங்கள். யாராவது வாய்க்கு நேரே நீட்டினால் பின்வாங்காதீர்கள். முக்கியமாக, நன்றாக இருந்தால் மறுபடி கேளுங்கள். எழுந்து போயோ, கூப்பிட்டோ, எப்படியாவது கேட்டுவிடுங்கள். நீங்கள் சங்கோஜப்பட்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில், உள்ளே ஒருத்தி அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கலாம்.