சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

நான் வேலை பார்க்கும் மளிகை நிறுவனத்தின் கணினிகளுக்கு நான் ஒருவனே காவல். அதனால் நீண்ட விடுப்பு எடுத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து பனி பார்க்க வேண்டும் என்று கேட்டுவந்த மனைவி, இந்த ஆண்டு கேட்பதை நிறுத்திவிட்டு டிசம்பர் மாதத்துக்கு ஜப்பான் டிக்கெட் இரண்டு எடுத்துவிட்டாள். முதலாளியிடம் போய் நின்றேன்.

"பத்து நாளா? சர்வர் படுத்துட்டா நானா உக்காந்து பில் எழுதறது?"

"ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எழுந்துக்கும் அண்ணே. அதுக்குத்தானே ரெண்டு வாங்கினோம்."

"எழுந்துக்கும்னு நீங்க சொல்றீங்க, அது சொல்லலையே. செஞ்சு காட்டிட்டுப் போங்க. நடுவுல கடை நின்னுச்சு, டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க லா."

ஒரு சர்வர் தேக்கா கடையின் மாடியில் இருக்கிறது. மற்றது தெம்பனிஸ் கிடங்கில். ஒன்றில் பதிவாகும் பில் அதே கணத்தில் மற்றதிலும் பதிவாகும். ஒன்று விழுந்தால் மற்றது உடனே பொறுப்பேற்க வேண்டும். இப்போது யார் தலைவர் என்று இரண்டுக்கும் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல, மார்சிலிங் கிளையில் நாட்டாமையாக ஒரு சிறு பெட்டி.

இதை நான் பலமுறை சோதித்திருக்கிறேன், ஆனால் மரியாதையாக. எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லி, ஒரு சர்வரை நிதானமாக அணைப்பேன். மற்றது நிதானமாக எழும். அது சோதனையல்ல, பணி ஓய்வுப் பாராட்டு விழா என்பது எனக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மின்சாரத்தைச் சட்டென்று பிடுங்க மனம் வந்ததில்லை. இந்தமுறை பிடுங்கியே ஆக வேண்டும். ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு, கடை திறக்கும் முன் என்று நாள் குறித்தேன்.

ஆயுத பூஜை முந்திக்கொண்டது.

அன்று கடையில் பொரி, அவல், கடலை வாங்க வரிசை வாசல்வரை நின்றது. முதலாளியின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். கடையில் உள்ள எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பது அவர் பொறுப்பு. தராசுக்கு வைக்கும் பொட்டு எடையில் சேருமே என்று ஆண்டுதோறும் பின்னாலேயே போய்த் துடைத்துவிடுவேன். அன்றும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கல்லாவின் திரைகள் எல்லாம் உறைந்தன. அதே நேரத்தில் அக்கா சந்தனக் கிண்ணத்துடன் மாடியிலிருந்து இறங்கி, வாசலில் காத்திருந்த முதலாளியின் காரில் ஏறினார். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

"அண்ணே, பாதி பில்லுல நின்னுடுச்சு!" என்றாள் காசாளர் பெண். நான் வாய் திறப்பதற்குள், "ஓ, வந்துடுச்சு. வெல்லம் வரைக்கும் அடிச்சேன், வெல்லம் இருக்கு" என்றாள்.

மாடிக்கு ஓடினேன். சர்வரின் விளக்குகள் அணைந்திருந்தன. மின்சாரப் பட்டனின் நட்டநடுவில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பொட்டு உதிரக் கூடாது என்று அழுத்திப் பிடித்து வைப்பது அக்காவின் வழக்கம். அந்தப் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இயந்திரம் கேள்வி கேட்காமல் செத்துப்போகும்.

தெம்பனிஸ் சர்வர் பொறுப்பேற்றுவிட்டது என்று மகிழ்ந்த மறுகணம், அக்கா ஏறிய கார் அடுத்த பொட்டுக்காகத் தெம்பனிஸுக்குத்தான் போகிறது என்பது நினைவுக்கு வந்தது.

செத்ததை எழுப்பினேன். திடீரென்று விழுந்ததால் அது தன் வட்டுகளை முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான், தான் இல்லாத நேரத்து பில்களைத் தெம்பனிஸிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அதுவரை எங்கள் கடைகள் எல்லாம் ஒற்றைக் காலில் நின்றன. அக்கா போனை எடுக்கவில்லை. முதலாளியை அழைத்து, அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, சர்வர் பட்டன்ல கை வைக்காதீங்க!"

"ஏன்? தேக்காவுல வச்சேனே?"

"அதான், அது தூங்கிடுச்சு."

"ஆயுதத்துக்கு இன்னைக்கு ஓய்வுதானே. தூங்கட்டும்."

"இப்ப ராகு காலம் அக்கா."

"யாருகிட்ட? அது எப்ப முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அடுப்புல பால் இருக்கு அக்கா. ஒருத்தர் தூங்கிட்டார். மத்தவரும் படுத்துட்டா பாலை யாரு பாக்கறது?"

"அப்ப அவர் எழுந்தப்புறம் இவருக்கு வைக்கிறேன்."

"சர்வர் இருக்கிற பீரோ கதவுல வச்சிடுங்களேன்."

"அதெல்லாம் முடியாது. அங்க பட்டன்ல வச்சாச்சு, இங்கயும் பட்டன்லதான். ரெண்டும் சமம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சரி அக்கா, இவர் எழுந்ததும் சொல்றேன்" என்றேன்.

அவர் கிண்ணத்தோடு காத்திருந்தார். அவ்வப்போது அழைத்து, "எழுந்துட்டாரா?" என்றார்.

"பல் தேய்க்கிறார் அக்கா."

"உங்க ஆள் சோம்பேறி. சந்தனம் காயுது லா."

கடைசியில் இரண்டு சர்வர்களும் சமம் என்று திரை காட்டியது. இப்போது அக்காவைத் தடுத்தால் கடைக்கு ஆபத்தில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் கை மறுபடியும் மரியாதை பார்க்கும். செய்து காட்டச் சொன்ன முதலாளியோ தெம்பனிஸ் சர்வருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கீழே வரிசை இன்னும் வாசலில் இருந்தது. சொன்னேன்:

"வைங்க அக்கா. நல்லா அழுத்தி வைங்க."

கீழே திரைகள் உறைந்தன. "அண்ணே, மறுபடியுமா!" என்ற குரல் மாடிவரை கேட்டது. போனில் முதலாளி, "டேய், லைட்டெல்லாம் அணைஞ்சிடுச்சு!" என்றார். அவர் என்னை டேய் என்றது அன்று மட்டும்தான். என் முன்னால் இருந்த சர்வரின் விசிறி உறுமியது. கீழிருந்து பில் அச்சாகும் சத்தம் வந்தது.

"ஓடுதா?" என்றார் முதலாளி.

"ஓடுது அண்ணே."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப போயிட்டு வாங்க."

பயணத்துக்கு முன் இரண்டு பட்டன்களுக்கும் பிளாஸ்டிக் மூடி வாங்கிப் பொருத்தினேன். மூடினால் பொட்டு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதால், இரண்டும் கண்ணாடிபோல் தெளிவான மூடிகள்.