உப்பளச் சேற்றில் கேட்ட தமிழ்

கோடைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறினால், காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் கறுப்புச் சேறு காய்ந்து வெடித்திருக்கும் மனிதர்களுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். தோளில் ஈரத் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, உடம்பில் அழுகிய முட்டை போன்ற ஒரு வாடை. பள்ளிக்கூட டீச்சரும் இருப்பார், துறைமுகத்தில் வேலை பார்ப்பவரும் இருப்பார். யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை, யாரும் வெட்கப்படுவதும் இல்லை. மைசூரில் மழையில் நனைந்து பேருந்தில் ஏறினால்கூடப் பக்கத்துச் சீட்டுக்காரர் முறைப்பாரே என்று ஒடுங்கி நின்று பழகிய எனக்கு, புர்காஸுக்கு வந்த புதிதில் விளங்காத காட்சி இதுதான். புர்காஸ், பல்கேரியாவில் கருங்கடலை ஒட்டிய நகரம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து வந்தேன். ஆறு வருடம் ஆகிறது.

கடல் ஒரு பக்கம் இருக்க, மற்ற பக்கங்களில் இந்த ஊரை ஏரிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒன்று நன்னீர், ஒன்று உவர்நீர், ஒன்றில் உப்பளம். உப்பளத்து ஏரி வெயில் ஏற ஏற ரோஸ் நிறமாக மாறிவிடும். அதன் அடியில்தான் அந்தக் கறுப்புச் சேறு. என்னோடு வேலை பார்க்கும் டெசிஸ்லாவாதான், எல்லோரும் டெசி என்போம், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இந்த ஏரிகளுக்கு அழைத்துப்போகத் தொடங்கினாள். முதல் தடவை வாயா ஏரிக் கரையில் அவள் விரலை நீட்டிக் காட்டிய இடத்தில் நாணலுக்கு அப்பால் வெள்ளையாக ஒரு கூட்டம் மிதந்துகொண்டிருந்தது. "பெலிகானி" என்றாள். எனக்கு அந்தப் பறவையைத் தெரியும் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. இந்தியா என்றால் யானையும் புலியும்தான் அவளுக்கு.

எனக்கு அந்தப் பறவையைக் காட்டியது அப்பா. அவர் ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர். ரயில்வே வேலையில் மைசூருக்கு வந்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். விடுமுறை நாளில் விடியும்போதே என்னைக் குக்கரஹள்ளி ஏரிக்குக் கூட்டிப்போவார். "அதோ பார், கூழைக்கடா" என்பார். பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில் அதற்குப் பெயர் ஹெஜ்ஜார்லே. நான் வீட்டில் கூழைக்கடாவும் வெளியில் ஹெஜ்ஜார்லேயுமாக வளர்ந்தவள். என் கன்னடத்தைக் கேட்டு யாரும் என்னைத் தமிழச்சி என்று சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அப்பாவின் கன்னடம் அப்படியல்ல. முப்பது வருடத்துக்குப் பிறகும் இரண்டாவது வார்த்தையிலேயே அவர் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

போன ஆகஸ்டில் டெசி என்னை வற்புறுத்திச் சேற்றுக் குளியலுக்கு அழைத்துப்போனாள். கடற்கரை முடியும் இடத்தில், பூங்காவைத் தாண்டி, உப்புப் பாத்திகள். கட்டணம் கிடையாது, காவலும் கிடையாது. முதலில் அந்த ரோஸ் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். பிறகு அடியிலிருந்து சேற்றை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, அது சாம்பல் நிறமாகக் காயும்வரை வெயிலில் நிற்க வேண்டும். நீச்சலுடையில் வெளியே வருவதற்கே எனக்கு அரை மணி நேரம் ஆனது. மைசூரில் இப்படி ஒரு உடையில் நிற்பதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பித்தவெடிப்புள்ள காலைத் தண்ணீரில் வைத்ததும் உப்பு சுரீரென்று ஏறியது. வாயை மீறி ஏதோ கத்தினேன். டெசி சிரித்தாள்.

சேறு பூசி நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் நொண்டியபடி எங்களை நோக்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அரைக்கால் சட்டை, கையில் ஊன்றுகோல், வலது முழங்காலில் மட்டும் பற்றுப்போட்டதுபோல் தடிமனாகச் சேறு. இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். சற்றுத் தள்ளியே மரியாதையாக நின்று, "இந்தியாவா மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தமிழா?" என்றார்.

"நோ. மைசூர். கன்னடா" என்றேன்.

எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. அவர் "ஸாரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். தூரத்தில் நின்ற ஒரு வயதான பல்கேரியத் தம்பதியிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார். அவர்கள் படித்துவிட்டு ஏதோ விளக்கினார்கள், அவருக்குப் புரியவில்லை. இன்னொருவரிடம் போனார். எனக்குப் பல்கேரிய மொழி ஓரளவு நன்றாகவே படிக்க வரும். இருபதடி நடந்தால் போதும். ஆனால் இல்லை என்று சொன்ன பிறகு எந்த மொழியில் போய் அவர் எதிரில் நிற்பது? அதற்குள் டெசி, "நீ தினமும் அப்பாவிடம் போனில் பேசுவது அந்த மொழிதானே?" என்று கேட்டாள். அது வேறு, இது வேறு என்றேன். அவள் குனிந்து இன்னொரு கை சேற்றை அள்ளினாள். நீச்சலுடையில் நம் ஊர் ஆண் ஒருவர் முன்னால் நின்ற கூச்சம்தான் காரணம் என்று வீடு வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேறு கழுவக் கழுவப் போனது. நான் சொல்லிக்கொண்ட காரணமும் அதோடு போய்விட்டது.

ஏனென்றால் இதை நான் முன்பும் செய்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது, பியூசி முதல் வருடம், தமிழ்நாட்டு ப்ளஸ் ஒன் மாதிரி. ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்குக் கல்லூரியிலிருந்து போயிருந்தோம். அன்றைக்குப் பார்த்துக் காவிரித் தண்ணீர் விவகாரம் பெரிதாகிவிட்டது. இதெல்லாம் எல்லைக்கு இரண்டு பக்கமும் நடப்பதுதான். ஊரில் கடைகளை அடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என்னை அழைத்துப்போக வந்துவிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பேருந்து ஏறினோம். நான் இரண்டு தோழிகளோடு முன்னால் உட்கார்ந்தேன், அப்பா இரண்டு சீட்டு தள்ளிப் பின்னால். அவர் என் அப்பா என்று தோழிகளிடம் நான் சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து வருவதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு நான் கன்னடப் பெண்.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் பேருந்தை நிறுத்தி ஏறினார்கள். ஆண்களை ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்கள். அப்பாவின் முறை வருவதற்கு முன்பே, நாங்கள் சேர்ந்து ஏறியதைப் பார்த்திருந்த நடத்துனர், அவர் கன்னடக்காரர், வயதானவர், என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: "நிம்ம தந்தேனா அம்மா?" உன் அப்பாவா? ஆமாம் என்று சொல், பெண் பிள்ளையோடு வந்திருக்கிறார் என்று நான் பேசி விட்டுவிடச் செய்கிறேன் என்றார். தோழிகள் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அல்ல. கொத்தில்ல" என்றேன். இல்லை, யாரென்று தெரியாது.

அப்பாவை இறக்கினார்கள். அவர் என் சீட்டைக் கடந்துபோனபோது நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து நகர்ந்த பிறகுதான் வெளியே பார்த்தேன். கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் ஆட்களுக்கு நடுவே நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு, நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சட்டைப் பை கிழிந்திருந்தது. பேருந்து பழுதாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பத்திரமா வந்துட்டியாம்மா?" என்று கேட்டார். வந்துட்டேன் என்றேன். அவ்வளவுதான். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசப்பட்டதில்லை.

சேற்றுக் குளியலுக்குப் போய்வந்த மறுநாள் வழக்கம்போல் அப்பாவோடு பேசினேன். அவருக்கு இப்போது எழுபத்தாறு வயது. இங்கே ஒரு தமிழரைப் பார்த்தேன், காலில் அடிபட்டு எதையோ படிக்கச் சொல்லி அலைந்துகொண்டிருந்தார் என்றேன். நீ படித்துச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "பாவம்மா. போய்ப் பாரு" என்றார். அப்போது என்ன தைரியம் வந்ததோ, "அப்பா, அன்னிக்கு பஸ்ஸுல நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அவர் சொன்னார்: "கேட்டுச்சு. நல்லதுதான் பண்ணே. ஆமான்னு சொல்லியிருந்தா உன்னையும் இறக்கியிருப்பாங்க. நான் அதான் வேண்டிக்கிட்டிருந்தேன், இந்தப் பொண்ணு வாயத் திறக்கக் கூடாதுன்னு."

இத்தனை வருடமும் அவர் அப்படித்தான் மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். புத்திசாலிப் பெண், சமயோசிதமாக நடந்துகொண்டாள் என்று. பயத்தால் சொல்லவில்லை அப்பா, அந்த இரண்டு பெண்கள் முன்னால் உங்களுடைய மகளாக இருக்க விருப்பமில்லாமல் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அவர் எனக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்த நியாயத்தை வாங்கிக்கொண்டு போனை வைத்தேன். திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

அன்று மாலையே உப்பளத்துக்குப் போனேன். அவர் இல்லை. மறுநாள் மாலையும் இல்லை. மூன்றாம் நாள் காலையிலேயே போனேன், பாத்தியின் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்று, "அண்ணே, நான் தமிழ்தான். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார் அவர். "தண்ணில கால வச்சதும் 'ஐயோ எரியுதே'ன்னு கத்துனீயள்லா. அதக் கேட்டுத்தான எந்திரிச்சு வந்தேன். சில பேருக்குப் பேசப் பிரியம் இருக்காது. கப்பல்ல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். அதுக்கு என்ன செய்ய."

அவர் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்தேன். பெயர் ஜெயராஜ், தூத்துக்குடிப் பக்கம். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை. படியில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட, இங்கே இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. முகவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் காட்டி, விடுதியில் தங்கவைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று போயிருக்கிறார். டாக்டருக்கு ஆங்கிலம் வராது. விடுதிச் சுவரில் இந்தச் சேற்றுக் குளியல் படம் இருந்ததாம். அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டுபோய், இதைப் பூசலாமா என்று டாக்டரிடம் சைகையில் கேட்டிருக்கிறார். "நல்லா மேலயும் கீழயும் தலைய ஆட்டுனாரு தங்கச்சி. அதான் தினமும் வாறேன். ஆனா வீக்கம் கூடிக்கிட்டேதான் போவுது."

பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை, கூடாது என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டினால்தான் சரி. புதிதாக வரும் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் ஏமாறுவோம், பிறகு சொல்லிச் சிரிப்போம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதத்தை வாங்கிப் படித்தேன். தசைநார் கிழிந்திருக்கிறது, சூடு படவே கூடாது, காலை ஊன்றக் கூடாது, ஐஸ் வைக்க வேண்டும், வீக்கம் அதிகமானால் உடனே வர வேண்டும். அவர் முழங்காலில் வெயிலில் காய்ந்த கறுப்புச் சேறு. நான் கன்னடா என்று சொன்ன நாளுக்குப் பிறகும் மூன்று நாள் பூசியிருக்கிறார்.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அதே டாக்டர். முழங்காலைப் பார்த்ததும் கோபத்தில் சிவந்துவிட்டார். ஊசி போட்டு நீரை எடுத்தார். இனி கப்பலுக்குத் திரும்புவது இந்த வருடம் நடக்காது, ஊருக்குப் போய் அறுவைசிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்றார். சில நாள் முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கையை விரித்தார். அந்தப் பாதி வாக்கியத்தை மட்டும் நான் ஜெயராஜுக்கு மொழிபெயர்க்கவில்லை. பதிவேட்டில் எழுதுவதற்காக, இவர் உங்கள் ஆளா என்று என்னைக் கேட்டார் டாக்டர். பக்கவாட்டில் தலையை ஆட்டினேன், வாயாலும் ஆமாம் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த ஆமாம்! அந்த அறையில் அப்படிச் சொல்வதால் எனக்கு எந்த இழப்பும் இல்லை.

பத்து நாள் கழித்து முகவர் வந்து அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே என் கையைப் பிடித்து, ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வரணும் தங்கச்சி என்றார். டாக்டர் முடிக்காமல் விட்டதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரியில் விடுப்பெடுத்து மைசூருக்குப் போனேன். ஒருநாள் காலை அப்பாவும் நானும் தேவராஜ மார்க்கெட்டுக்கு வாழைப்பழம் வாங்கப் போனோம். நல்ல கூட்டம். நான் வேண்டுமென்றே, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி, "அப்பா, ஒரு சீப்பு போதுமா?" என்று தமிழில் கேட்டேன். "இன்னொந்து தகோம்மா" என்றார் அப்பா. இன்னொன்று எடுத்துக்கொள். மறுபடியும் தமிழில் கேட்டேன். மறுபடியும் கன்னடத்தில், அதே தடுமாற்றமான உச்சரிப்பில் பதில். அப்போதுதான் பழைய நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கல்லூரிப் பட்டமளிப்பு, வங்கி, என்னை வழியனுப்ப வந்த விமான நிலையம். அந்தப் பேருந்துக்குப் பிறகு நாலு பேர் இருக்கும் இடத்தில் அப்பா என்னிடம் தமிழ் பேசியதே இல்லை. கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் தமிழ்தான் என்பதுபோல், "நஞ்சன்கூட்டுப் பழம் சார், நல்லா இருக்கும், எடுத்துக்கங்க" என்றார். "அப்படியா? எந்த ஊரு நீங்க?" என்று அப்பா அவரிடம் கணீரென்று தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். ஜோலார்பேட்டை, ரயில்வே எல்லாம் வந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பழப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். பேச்சு முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஹோகோணாம்மா" என்றார். போகலாமா.