குதிகால் டாக்டர்

"சர்க்கரை இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் அவர் காலின் அளவைக் கேட்பார். கேட்கும்போதே வாடிக்கையாளரின் வலது கால் அவர் கைக்கு வந்திருக்கும். மண்டியிட்டபடி அதைச் சற்றே தூக்கி, உள்ளங்காலை வெளிச்சத்துக்குத் திருப்பி, குதிகாலைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். நேர்முகத் தேர்வுக்குப் பளபளவென்று ஒரு ஜோடி வாங்க வந்த இளைஞன் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொள்வான். "பயப்படாதீங்க தம்பி, சும்மா பாத்தேன். நல்லா இருக்கு. அப்பாவுக்கு இருக்கா?" அப்பாவுக்கு இல்லையென்றால் அம்மாவுக்கு, அம்மாவுக்கும் இல்லையென்றால் மாமாவுக்கு. யாருக்குமே சர்க்கரை இல்லாத குடும்பம் தப்பித் தவறி வந்துவிட்டால் மனிதருக்கு முகம் தொங்கிப்போகும். பேசாமல் அளவுப் பலகையை எடுத்துக் கீழே வைப்பார்.

கடைத்தெருவின் முனையில் இருக்கும் அந்தக் காலணிக் கடையில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள், நடுவில் நான்கு முக்காலிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கால் மட்டும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்த குட்டைக் கண்ணாடி. இதுதான் அவருடைய ஆஸ்பத்திரி. பில் போடும் பெண் வைத்த 'குதிகால் டாக்டர்' என்ற பெயர் இப்போது வாடிக்கையாளர்கள் வாயிலும் புழங்குகிறது. "டாக்டர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து முதலாளி முதலில் மூக்கால் அழுதார். "கூர் ஹீல்ஸ் கேட்டு வந்த அம்மாவை உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுறான்யா. கடைசியில அந்த அம்மா சாக்ஸ் மட்டும் வாங்கிட்டுப் போறாங்க." போன அம்மா அக்காளையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்ததும் முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

அவருக்கே சர்க்கரை வந்து பதினான்கு வருடம் ஆகிறது. வந்த புதிதில் எல்லோரையும் போல இடிந்துதான் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, நோயைப் படிக்க ஆரம்பித்தார். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிய மனிதர், ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுப் பிரசுரங்களை மடிப்புக் கிழிகிறவரை படித்தார். கால்தான் அவருக்குப் பிடித்த பாடம். தொழிலும் அதுவாயிற்றே.

"கால் ரெண்டே ரெண்டுதாங்க. அதுல ஒண்ணு போனா, ஒத்தை ஷூ எந்தக் கடையில விப்பாங்க, சொல்லுங்க?" என்பது அவருடைய தொடக்க உரை. அதன் பிறகு வரிசையாக வரும். புது ஷூவைச் சாயங்காலம்தான் வாங்க வேண்டும், பகலெல்லாம் நடந்து கால் வீங்கியிருக்கும். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது. வெந்நீர் சூடு பார்க்க முழங்கையை விட வேண்டும், காலை அல்ல. கிரீமைக் கால் முழுக்கத் தடவலாம், விரல் இடுக்கில் கூடாது. காய்ப்பைப் பிளேடால் சீவுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். "ஷூவுக்குள்ள கையை விட்டுத் துழாவாம காலை விடக் கூடாது. கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. காலு மரத்துப் போயிருக்கும், அது நம்மகிட்ட சொல்லாது." எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை உண்டு. "வெள்ளை சாக்ஸ்தான் போடணும். ஒரு பொட்டு ரத்தமோ நீரோ கசிஞ்சா அதுல உடனே காட்டிக் கொடுத்துடும்." இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எந்தப் பெரிய டாக்டரிடம் கேட்டாலும் தலையாட்டுவார்.

கடை போதாதென்று கைப்பேசியிலும் ஒரு சபை நடத்துகிறார். 'இனிக்காத நண்பர்கள்' என்று பெயர். இருநூற்றுப் பதினான்கு பேர். தினமும் காலை ஆறு பத்துக்கு அவர் குறிப்பு வந்து விழும். உடனே நாற்பது கும்பிடு, பதினைந்து பூங்கொத்து, எதையும் படிக்காத ஒருவரிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து. இரண்டே வாரத்தில் சர்க்கரையை விரட்டுகிறேன் என்று பொடி விற்க வந்த ஒருவனை, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சபையைவிட்டு வெளியேற்றினார். ஒரு முறை ஒரு தையல்கார அம்மா, ஊசி போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது, அழுகை வருகிறது என்று எழுதியிருந்தார். இவர் பதினொரு நிமிடம் ஆறுதல் பேசிக் குரலைப் பதிந்து அனுப்பினார். "இதைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள போட்டே முடிச்சுடலாம்னு போட்டுக்கிட்டேன் அண்ணே" என்று அந்த அம்மா பதில் எழுதினார். இவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வகையில் அது பாராட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் தங்கள் சர்க்கரை அளவைச் சபையில் போட வேண்டும். முதல் ஆளாக அவர் போடுவார். நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபத்திரண்டு, மிஞ்சிப் போனால் நூற்று முப்பது. அவை உண்மையாக வந்த எண்கள்தான், ஆனால் அந்த ஞாயிறு வந்தவை அல்ல. நல்ல எண்ணாக ஒன்று வந்தால் உடனே போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்திவிடுவார். வேகமாக விற்றுப்போகிற சைஸ் ஷூப் பெட்டி ஒன்றிரண்டைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்து, தெரிந்தவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற கடைக்காரப் புத்தி.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். பத்து வாரத்துக்கு முன்னால் நடந்தது அப்படியல்ல.

புது சாக்ஸ் ஜோடியை அட்டையோடு பிடித்து வைக்க ஒரு சின்ன இரும்பு கிளிப் போட்டிருப்பார்கள், நகக்கண் அளவுதான் இருக்கும். அன்று காலை நான்கு வாடிக்கையாளருக்கு ஒரே நேரத்தில் சாக்ஸ் பிரித்துக் கொடுத்தவர், ஸ்டாக் ரூமுக்குள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். எப்படியோ ஒரு கிளிப் அந்த ஷூவுக்குள் விழுந்தது. இறங்கி வந்து, கையை விட்டுத் துழாவாமல் காலை விட்டார். ஒரு நாள் முழுக்க அதன் மேலேயே நடந்து, நின்று, அதன் மேலேயே நின்றுகொண்டு, கையை விட்டுத் துழாவச் சொல்லி ஏழு பேருக்கு உபதேசமும் செய்தார். சாயங்காலம் வீட்டில் ஷூவைக் கழற்றியபோது இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, அது பதிந்து நின்றது. துளி வலியில்லை. வலித்திருந்தால் அவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

பிடுங்கி எறிந்தார். பிளாஸ்டர் ஒட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் வாரம் வெள்ளை சாக்ஸில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. மறுநாள் கடைக்குக் கறுப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டு போனார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்ற கணக்கு. தினமும் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பி, தடவிப் பார்த்தே மருந்து போட்டுக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டார். ஊரார் உள்ளங்காலையெல்லாம் பார்த்தவர் தன் காலை எழுபது நாளாகப் பார்க்கவில்லை.

அவர் மனைவிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அடுக்கில் எந்தப் புத்தகம் இல்லையென்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறவர்.

"என்னங்க, சாக்ஸோடயே படுக்குறீங்க?"

"கால் சில்லுன்னு இருக்கு."

"உங்க காலைப் பாத்தே மாசக்கணக்கு ஆச்சு."

"இதென்ன பொண்ணு பாக்குற வீடா? காலை எல்லாம் காட்டுறதுக்கு?"

சிரிக்க வைத்துத் தப்பித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகும் அந்த அம்மா போர்வையின் கால்மாட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இந்த ஒளிவு மறைவு? ஊருக்குத்தான் உபதேசம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவருக்குள் இருந்தது பயம், அதற்கு ஒரு முகமும் இருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், போன வருடம் சாதாரணமாகச் செருப்பு வாங்க வந்தவர். இவர் காலைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. டிரைவர் முடியாது, போகமாட்டேன் என்று முரண்டு பிடிக்க, கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது இவர்தான். இரண்டு விரல்களை எடுத்தார்கள். "அன்னைக்கு நான் பாக்கலன்னா முழங்கால் வரைக்கும் போயிருக்கும்" என்று சபையில் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆபரேஷன் முடிந்து தள்ளுவண்டியில் வந்தபோது, துணியில் சுற்றிய அந்தப் பாதம் இன்னொரு பாதத்தைவிட ஒரு பக்கம் ஒடுங்கியிருந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் காலை நீட்டினால் திரும்பி வரும்போது ஏதாவது குறையும் என்று அன்றே அவர் மனசில் பதிந்துவிட்டது.

அந்த டிரைவர் போன வியாழக்கிழமை கடைக்கு வந்தார். சாயங்காலம் ஐந்து மணி. சொன்ன சொல் தட்டாத சீடர்.

"அதே மாதிரி முன்னாடி பஞ்சு வச்சது இன்னொரு ஜோடி வேணும் தம்பி."

"உக்காருங்கண்ணே." மண்டியிட்டு, ஷூவைக் கழற்றி, வெள்ளை சாக்ஸை உருவி, மூன்று விரல் காலை வெளிச்சத்தில் திருப்பினார். "அருமையா இருக்குண்ணே. தினமும் பாக்குறீங்கல்ல?"

"பல்லு விளக்குறேனோ இல்லையோ, இதைப் பாத்துடுறேன்."

மகிழ்ந்துபோய், பின்பக்கம் கீழ் வரிசையில் இருந்த பெட்டியை எடுக்க முழங்காலிலேயே எட்டினார். இடது குதிகால் ஷூவிலிருந்து நழுவி, ஷூ தனியே கழன்று விழுந்தது. டிரைவர் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். முன்னால் இருப்பதைவிடக் கண்ணாடியில் தெரிவதையே அதிகம் பார்த்துப் பழகிய கண். தரையோரக் கண்ணாடியில் அந்த உள்ளங்காலைப் பார்த்தார்.

"தம்பி, எப்பலேருந்து கறுப்பு சாக்ஸ்?"

"அது யூனிஃபார்ம்ணே. முதலாளி மாத்திட்டார்."

பில் போடும் பெண் தலையைத் தூக்கினாள். "நம்ம கடைக்கு ஏதுண்ணே யூனிஃபார்ம்?" அவள் வெள்ளை மனசோடுதான் கேட்டாள்.

"அடியில பெட்டித் தாள் ஒட்டியிருக்கு பாரு" என்றார் டிரைவர்.

இவர் கையைப் பின்னால் கொண்டுபோய், தரையில் கிடந்து சாக்ஸில் ஒட்டிக்கொண்ட அந்த ஷூ சுற்றும் மெல்லிய தாளை இழுத்தார். பாதி கிழிந்து வந்தது. மீதி சாக்ஸோடு ஊறிக் கிடந்தது.

"தண்ணியில மிதிச்சிருப்பேன்."

"கடைக்குள்ள ஏதுய்யா தண்ணி?"

பதினொரு நிமிடம் மூச்சு விடாமல் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர், கையில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"எத்தனை நாளா?"

"பத்து வாரம்."

"பாத்தியா அதை?"

"இல்லண்ணே. பயமா இருக்கு. உங்களை உள்ள கூட்டிட்டுப் போனது நான். வெளிய வந்தப்போ பாத்ததும் நான்தான். எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு..."

டிரைவர் தன் காலைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு விரல் போச்சு. சரி. நான் இங்க எப்படி வந்தேன்? யாராவது தூக்கிட்டு வந்தாங்களா? நடந்து வந்தேன்யா. நீ அன்னைக்கு என்னை விட்டிருந்தா நான் நடந்திருப்பேனா?" சொல்லிக்கொண்டே முக்காலியிலிருந்து எழுந்தார். "இப்போ பாப்போம். பாத்துட்டு நேரா ஆஸ்பத்திரி. நான் கூட வர்றேன், உன் வீட்டுக்காரிக்கு நானே போன் பண்றேன். உக்காரு."

"அண்ணே, இது கஸ்டமர் உக்காருற இடம்..."

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையின் மேல் வைத்துக்கொண்டார். டிரைவர் பெட்டி அடுக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடக்கி, முனகி, இன்னொன்றையும் மடக்கி, தரையில் மண்டியிட்டார். உள்ளங்கையை விரித்து நீட்டினார். பில் போடும் பெண் கல்லாவை விட்டு எழுந்து வந்து கடைக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

கால் முக்காலிக்கு அடியில் பின்வாங்கியது. நீட்டிய கை அப்படியே காத்திருந்தது.

"சாக்ஸை இழுக்கக் கூடாதுண்ணே" என்றார் குதிகால் டாக்டர். "ஒட்டியிருக்கும். தண்ணி தொட்டு நனைச்சு, மேலேருந்து மெல்லச் சுருட்டிக்கிட்டே வரணும். விரல் இடுக்கையும் பாத்துடுங்க, நிறைய பேர் அதை மறந்துடுவாங்க."

சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டு, காலை நீட்டினார்.