கானை மூடிய ஸ்ட்ரோபெரிப் பாத்தி

ஸ்ட்ரோபெரிப் பழத்தின் வாசனை ஒரு சுத்த ஏமாற்று. மூக்கருகே கொண்டுபோனால் சர்பத் கடையைத் திறந்து வைத்ததுபோல் இனிக்கும். வாயில் போட்டால் தக்காளிக் காயைப் போலப் புளிக்கும், விதை வேறு பல்லிடுக்கில் போய் நெறுநெறுக்கும். இதைத் தின்பதற்காகக் கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து நுவரெலியாவுக்கு வருகிறார்கள். நல்ல வெயிலில் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு, பழம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் க்ரீமையும் சீனியையும் கொட்டிக்கொண்டு, க்ரீமின் ருசியைப் பழத்தின் ருசி என்று நம்பித் திரும்பிப் போகிறார்கள். போகிற வழியில் ரோட்டோரக் கடையில் கரட் கிழங்கை இலையோடு தூக்கிப் பிடித்து, ஏதோ பெற்ற பிள்ளையைப் பிடிப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொள்வதும் உண்டு. எனக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அந்தப் பழத்துக்காக இவர்களையெல்லாம் விட அதிகமாக நாக்கைத் தொங்கப்போட்டது, ஒரு காலத்தில், நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஒரே சரிவில் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள், ஒன்றின் தலைமேல் ஒன்று. மேலே இருந்தது "மேட்டு லயம்", அதில் நாங்கள். கீழே, வீட்டுக்கு ஓர் அறையாக எட்டுக் காம்பராக்களோடு "பள்ளத்து லயம்". இரண்டுக்கும் ஒரே தகரக் கூரை, ஒரே கரிபிடித்த சுவர், மலையிலிருந்து குழாய்வழி வரும் ஒரே பீலித் தண்ணீர். ஆனாலும் தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் கீழே போகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளத்து லயத்துக்காரர்களை நாங்கள் மட்டமாகத்தான் பார்த்தோம். மனிதனுக்கு இளக்காரம் செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்தை நடத்துகிற தொரை எங்களைப் பார்த்த பார்வையை நாங்கள் அப்படியே நாற்பது அடி கீழே இறக்கி வைத்திருந்தோம்.

அப்பாவுக்குத் தோட்டத்தில் "கான் வெட்டு" வேலை. மழைத் தண்ணீர் தேயிலை மண்ணை அரித்துவிடாமலும் மலைக்குள் இறங்கி ஊறிவிடாமலும் இருக்க, சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டித் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்கே சந்தேகமில்லை, அப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம். "தண்ணிக்கு வழி விடணும்டா. விடலேன்னா அது நம்மகிட்ட கேக்காது" என்று சின்ன வயது வேலைக்காரர்களிடம் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு சொல்வார். எங்கள் லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் நடுவில் ஓடிய கானைக்கூட அவர்தான் வருடா வருடம் தூர் எடுத்து வந்தார்.

வேலை முடிந்த பிறகு அவர் மரக்கறிக்காரர். லயத்தைச் சுற்றியிருந்த துண்டுத் துணுக்கு நிலத்தில் கரட், லீக்ஸ், கோவா போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ராகலைச் சந்தைக்குக் கொண்டுபோவோம். விடிந்ததும் கரட்டைச் சாக்கில் போட்டு ஓடையில் வைத்துக் காலால் மிதித்துக் கழுவுவது என் வேலை. கழுவிய கரட்டில் வளைந்தது, பிளந்தது, மயிர் விட்டது எல்லாவற்றையும் அப்பா ஒதுக்கிவிடுவார். அவை எங்களுக்குச் சமைக்க. நேராக இருப்பவற்றை மட்டும் ஒரே அளவாக அடுக்கி எடுத்துப்போவோம். பள்ளத்து லயத்துப் பேச்சியம்மா அத்தையும் எங்களுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காருவார். புருஷன் இல்லாதவர், பிள்ளையும் இல்லை. அவருடைய கரட் விரல் விரலாகப் பிரிந்து, ஏதோ கை முளைத்ததுபோல் இருக்கும். நானும் என் சிநேகிதிகளும் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்போம். அத்தையும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, "இதுவும் கரட்டுத்தான்டி, வெந்தா தெரியாது" என்பார்.

அந்தச் சந்தைக்கு நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்கு மரக்கறி வாங்குகிற மனிதர் ஒருவர் வருவார். எங்கள் கரட்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஒரு ஞாயிறு, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு நாற்றைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். "இது ஸ்ட்ரோபெரி. நீங்க நட்டுப் பாருங்க. பழம் வந்தா நானே வந்து எடுக்கிறேன்" என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னார். வெள்ளைக்காரர்கள் தின்கிற பழம் என்றும் சொல்லிவைத்தார். அது போதாதா எங்களுக்கு? பஸ்ஸில் வரும்போதே நாற்றை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் யார் வீட்டிலும் இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தலை கனத்துப்போயிற்று.

நாற்று வந்தது, நட இடமில்லை. இருந்த மண்ணெல்லாம் கரட்டும் லீக்ஸும். சமமாக, ஈரமாக, வண்டல் படிந்து கறுப்பாக இருந்த ஒரே இடம் அந்தக் கான்தான். அப்பா இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் மூடினார். கான் வெட்டுவதில் பெயர் எடுத்த மனிதர், முப்பதடி நீளத்துக்குக் கானை மண்போட்டு நிரப்பி, மேலே பாத்தி கட்டி, ஓரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய்க்கால் விட்டுவிட்டு, "இது போதும், பெரிய மழைக்கு முன்னாடி தொறந்துடுவேன்" என்றார். வேலை தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், பயந்துகொண்டு விட்டுவிடுவான். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வந்தது. அம்மாவின் கொழுந்துக் கூடையில் மண் சுமந்து கொட்டியது நான். கூடையை நாசமாக்கிவிட்டேன் என்று அம்மா திட்டினார், மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சியம்மா அத்தை சொன்னார். சிறு மழைக்கே அவருடைய காம்பராவின் பின்சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. முதல் தடவை வந்து வாசல் இஸ்தோப்பில் உட்காராமல் வெளியே நின்றபடியே, "அண்ணே, செவுத்துல தண்ணி ஊறுது. கொஞ்சம் கான தொறந்து விடுங்கண்ணே" என்றார். அப்பா தலையை ஆட்டினார். இரண்டாம் தடவை வந்தபோது, "ஈரம் இல்லாத லயம் எங்க இருக்கு பேச்சி? எங்க செவுத்துலயும்தான் ஊறுது" என்றார். மூன்றாம் தடவை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கான் வெட்டுற எனக்கே நீ கான் சொல்லித் தர்றியா?" என்று கேட்டார். அத்தை இறங்கிப் போனார். "பொறாம. அதோட கரட்டு வெளங்கல, நம்ம பழம் வெளங்கக் கூடாதுன்னு" என்று, பெரிய மனுஷிபோல, சொன்னது நான். அம்மா மட்டும் "அது சொல்றதும் நெசந்தானே" என்று ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பழம் பிடித்தது. பச்சையாக, பிறகு வெள்ளையாக, ஒரு பக்கம் மட்டும் சிவப்பாக. பள்ளிக்கூடம் விட்டால் பாத்திதான். ஒரு வியாழக்கிழமை மாலை வானம் கறுத்து, காற்று ஓடைப்பக்கத்திலிருந்து திரும்பி அடித்தது. அப்பா வானத்தைப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்கு வந்தார். முதல் வெட்டுக்கு ஓங்கியும்விட்டார். நான் குறுக்கே விழுந்து அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல்காரர் வருவார், இன்னும் மூன்றே நாள், "இந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும்ப்பா" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் நின்றார். மழை பெய்யும் என்று அவருக்குத் தெரியும், எப்படிப் பெய்யும் என்றும் தெரியும். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பெய்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றேன், புளித்தது. இன்னும் பழுக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கே அந்தச் சத்தம் கேட்டது. கல் லொறி கொட்டுகிற சத்தம் என்றார் வாத்தியார். ஓடிவந்து பார்த்தபோது எங்கள் லயத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. பாத்தி இல்லை, கான் இல்லை, எட்டுக் காம்பராவும் இல்லை. சிவப்பு மண் ஓடைவரை இறங்கிக் கிடந்தது. எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் பிழைத்தார்கள். பேச்சியம்மா அத்தை மட்டும் காய்ச்சல் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. அவரை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மண்ணை வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர்.

பிறகு தொரையும் அரசாங்க உத்தியோகத்தர்களும் வந்தார்கள். குடை பிடித்துக்கொண்டு, சப்பாத்தில் சேறு படாமல் பலகைமேல் நின்று, அங்கே கான் இருந்ததா என்று விசாரித்தார்கள். அப்பா கைகட்டிச் சொன்னார்: "இருந்துச்சுங்க தொரை. நல்லாத்தான் ஓடுச்சு. மழைதாங்க, நாம என்ன செய்யுறது." அந்த உத்தியோகத்தர் குனிந்து என்னிடம், "அப்படியா மகள்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். லயத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொரையிடம் ஒருவனைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பது எங்களுக்குள் இருந்த மானம். அந்த மானத்துக்காக நாங்கள் காட்டிக்கொடுத்தது பேச்சியம்மா அத்தையைத்தான். அவருக்காகப் பேச ஒரு நாதி இல்லை, அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அப்பா ஒரு கீரை விதைகூட ஊன்றவில்லை. பன்னிரண்டு வருடம் இருந்தார், ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. நான் படித்து, கொட்டகலையில் ஆசிரியையாகி, நல்ல பெயரும் எடுத்துவிட்டேன்.

போன மாதம் பாடசாலை ஆசிரியர்கள் சுற்றுலா போகலாம் என்று என்னை எங்கள் பழைய தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். இறங்கும்வரை எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. மேட்டு லயம் இருந்த இடத்தை மட்டமாக்கி, ஞாயிறுதோறும் கூடாரம் போட்டு "விவசாயிகள் சந்தை" நடத்துகிறார்கள். அதில் விவசாயி ஒருவரையும் காணவில்லை. ஒரே மாதிரிச் சட்டை போட்ட பையன்கள் நின்றார்கள். அரிசி இல்லாத நாட்களில் நாங்கள் தின்ற ரொட்டியையும் சம்பலையும் மரப்பலகையில் வைத்து, "தோட்டத்து விருந்து" என்று பரிமாறினார்கள். எங்களோடு வந்த டீச்சர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சரிவின் விளிம்பில் இரும்புக் கம்பி அடித்து மேடை கட்டியிருக்கிறார்கள். அதில் நின்றால் ஓடை, அதற்கப்பால் பள்ளத்தாக்கு, தூரத்தில் நீர்வீழ்ச்சி எல்லாம் தடையில்லாமல் தெரிகிறது. சனம் வரிசையில் நின்று படம் எடுக்கிறது. என் சின்ன வயதில் அங்கிருந்து அந்த நீர்வீழ்ச்சி தெரியாது, பள்ளத்து லயத்தின் கூரை மறைத்துக்கொண்டு நிற்கும்.

மேடையருகே மூன்று மொழியிலும் ஒரு பலகை. பலத்த மழையால் ஏற்பட்ட மண்சரிவில், இயற்கையே திறந்துவைத்த காட்சிமுனை என்று எழுதியிருந்தது. இறந்தவர் பெயர் கிடையாது. டீச்சர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நீங்க இந்தப் பக்கத்து ஆள்தானே, உண்மையா டீச்சர்?" என்று என்னைக் கேட்டார். எழுதியவர்களின் அறியாமையைக் கிழித்துப் போட என் நாக்கு துடித்தது. ஆனால் அந்த வாசகம் அவர்களுடையதல்ல. அது அப்பா கைகட்டிச் சொன்னது.

"ஆமாங்க, மழைதான்" என்றேன்.