மே முப்பதுக்குள் பாஸ் ஆகக் கூடாது

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் அண்ணன் என்று பெயர். பதினாறு வருடமாக நோயாளிகளை வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கும் தியேட்டரிலிருந்து வார்டுக்கும் தள்ளிக்கொண்டு போகிற வேலை. இரண்டாவது மாடியிலிருந்து லிஃப்ட் கீழே வந்து சேர்வதற்குள் முன்பின் தெரியாத ஆள் தன் கதையை முழுசாக இவரிடம் கொட்டிவிடுவார். இவர் 'ம்', 'அப்புறம்', 'சொல்லுங்க' என்பதோடு சரி. நடுங்கிக்கொண்டு படுத்திருந்தவர் தியேட்டர் வாசலில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளியில வந்ததும் மிச்சத்தைச் சொல்றேன்" என்பாராம்.

ஊரில் உள்ளவர்கள் கதையெல்லாம் கேட்பார். தனக்கென்று ஒரு வார்த்தை வாய் திறந்து கேட்க மாட்டார். ஓட்டலில் டீ சொல்லி காபி வந்தால், மறுபேச்சில்லாமல் காபியைக் குடித்துவிட்டு வருகிற ரகம். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு குணத்தோடுதான் எனக்குச் சண்டை.

நான்கு வருடத்துக்கு முன்னால் மேட்ரன் அம்மா இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நோயாளிங்களுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலர் இன்னும் நாலு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறாங்க. அவங்க பாக்குற வேலையை நீங்க ஏற்கெனவே லிஃப்ட்ல பாத்துக்கிட்டுதான் இருக்கீங்க. ஒரு பட்டம் மட்டும் வாங்கிடுங்க." தள்ளுகிற வேலையை விடாமல், நாற்பதைத் தாண்டியவரைச் சேர்த்துக்கொள்கிற இடமாகத் தேடித் தேடிக் கடைசியில் ஒன்றைப் பிடித்தார். சின்ன பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம். ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் ஆறு அறை, பதிவாளரம்மாவையும் சேர்த்து எட்டு ஆசிரியர்கள், இருநூற்றுச் சொச்சம் மாணவர்கள். அத்தனை பேரும் தொலைதூரக் கல்வி, ஒருவரும் அங்கே போனதில்லை.

"பாப்டிஸ்ட்டுன்னா ஆளைத் தண்ணியில முக்கித்தானே ஞானஸ்நானம் கொடுப்பாங்க? பட்டம் வாங்குறதுக்கும் முக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"முதல்ல அப்ளிகேஷனை முக்கி எடுத்து முடிக்கிறேன்" என்றார்.

மூன்று வருடம் அந்த மனுஷன் படித்த படிப்பு இருக்கிறதே! விடிந்தும் விடியாமலும் எழுந்து, நான் அடுப்படியில் நிற்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். எழுதியதை மகள் திருத்துவாள். "அப்பா, இந்த வாக்கியம் எப்போ முடியும்னு சொல்லுங்க, நான் குளிச்சிட்டு வரேன்" என்பாள். இவர் சிரித்துக்கொண்டே நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பார்.

எல்லாத் தாளும் முடிந்து கடைசிக் கட்டுரை ஒன்றுதான் பாக்கி என்று இருக்கும்போது, பிப்ரவரி மாதம் குண்டு விழுந்தது. ஆஸ்பத்திரி ஆபீஸ் கிளார்க், கவுன்சிலர் வேலைக்கு இவர் போட்ட விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "இந்த யுனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவர் திருதிருவென்று விழித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது: 'அங்கீகாரத்துக்கான வேட்பாளர் நிலையில் உள்ளது.'

"என்னங்க இது, எலெக்‌ஷன்ல நிக்குதா?" என்றேன்.

மகள் கம்ப்யூட்டரில் அங்கீகாரக் குழுவின் பக்கத்தைத் தேடிப் படித்து விளக்கினாள். ஜூன் முதல் வாரம் குழு நேரில் வந்து பார்க்கும். ஜூன் பதினெட்டாம் தேதி முடிவு சொல்லும். கிடைத்தால், அன்றைக்குப் பிறகு கொடுக்கிற பட்டம் செல்லும். அதற்கு முன்னால் கொடுத்தது கொடுத்ததுதான், எந்தக் காலத்திலும் செல்லாது. ஒரே படிப்புக்கு இரண்டாம் முறை பட்டமும் கிடையாது. இவர்களுடைய பட்டமளிப்போ மே முப்பது. அதை விட்டால் அடுத்துப் பட்டம் கொடுக்கும் பட்டியல் ஜூலையில். ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று.

பத்தொன்பது நாள் வித்தியாசம். தையல் கடையில் அளவெடுக்கிறவள் நான். சட்டையில் அளவு தப்பினால் பிரித்துத் தைக்கலாம். இதைப் பிரிக்க முடியாது. என் புருஷன் மே முப்பதுக்குள் பாஸ் ஆகவே கூடாது, அவ்வளவுதான்.

கட்டுரை எழுதி முடித்தாகிவிட்டது. கடைசிக் கட்டுரை மட்டும் கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. இருபத்திரண்டு பக்கம். அந்தப் பழுப்புக் கவரை பீரோவில் என் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"போன் போட்டு நேராச் சொல்லிடுங்க. என் பேரை ஜூலைப் பட்டியல்ல சேருங்கன்னு கேளுங்க. முடிஞ்சுது" என்றேன்.

"எப்படிம்மா கேக்கறது? உங்க பட்டம் மே மாசத்துல செல்லாதுன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இருக்காது? மூணு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க."

"அப்போ என்னதான் பண்ணப் போறீங்க?"

அவர் பண்ணியது இதுதான்: உடம்பு சரியில்லை, கட்டுரை எழுத முடியவில்லை என்று ஒரு கடிதம் போட்டார்.

வேறு பல்கலைக்கழகமாக இருந்தால் சரி என்று கோப்பில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இவர்கள் அப்படியா? மூன்றாம் நாளே பதிவாளரம்மா போன் செய்தார். "காலைல எட்டு பேரும் முட்டி போட்டு உங்க பேரைச் சொல்லி ஜெபிச்சோம் தம்பி. கவலைப்படாதீங்க." இவர் போனைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றுவிட்டார். அதன் பிறகு வாரம் ஒரு போன். ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பார், நெற்றி வியர்க்கும், "பரவாயில்லைங்கம்மா, கொஞ்சம் தேவலை" என்று மென்று முழுங்குவார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை.

மே மாதம் முதல் ஞாயிறு, மதியம். கடைசிக் கட்டுரையைத் திருத்துகிற பேராசிரியர், வயதான போதகர், அவரே கூப்பிட்டார். "எழுத முடியலன்னா போகுதுப்பா. என்ன எழுத நினைச்சேன்னு சும்மா சொல்லு, கேட்டுக்கறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக இவரிடம் ஒருவர் "சொல்லு, கேட்டுக்கறேன்" என்கிறார். மனுஷன் உருகிவிட்டார். ஒரு மணி நேரம், அதற்கு மேல் கால் மணி. லிஃப்டில் பார்த்த ஆட்கள், அவர்களுடைய பயம், எல்லாம் சொன்னார். எதிரில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்த நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கத்தரிக்கோலையே தூக்கிக் காட்டினேன். ம்ஹூம்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'தங்கள் உடல்நிலையைக் கருதி கடைசிக் கட்டுரை வாய்மொழியாக ஏற்கப்பட்டது. தேர்ச்சி. பட்டமளிப்பு மே 30.' கூடவே ஒரு வாழ்த்து அட்டை, எட்டு பேர் கையெழுத்தோடு.

"போச்சு! மூணு வருஷமும் போச்சு! வாயை மூடிக்கிட்டு இருக்கறதுல ஊருக்கே வாத்தியார் நீங்க, அன்னைக்கு ஒரு நாள் மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விடும்மா. ஸ்ட்ரெச்சரே தள்றேன்" என்றார்.

அந்த 'விடும்மா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பழுப்புக் கவரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவரிடம் சொல்லவில்லை.

பதிவாளர் அறை முழுக்கக் கோப்புகள். மேஜை, ஜன்னல் விளிம்பு, நாற்காலி, தரை எல்லா இடத்திலும் கலர் சீட்டு ஒட்டி, வரப்போகிற குழுவுக்காக அடுக்கி வைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட குள்ளமான அம்மா, ஒரு நாற்காலியைக் காலி செய்து என்னை உட்கார வைத்தார். கவரை அவர் கையில் கொடுத்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"உடம்பு சரியில்லன்னாரே?"

"கல்லு மாதிரி இருக்காருங்க."

"நாங்க எட்டு பேரும் முட்டி போட்டோமேம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். பட்டம் பெறுவதை அடுத்த பட்டியலுக்கு மாற்றக் கோரும் படிவம். அரைப் பக்கம். காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி. "இந்த வருஷம் நாலு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. எல்லாருக்கும் இதே பயம்தான். இதுல எங்களுக்கு என்னம்மா வருத்தம்? கேட்டிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"இப்போ லேட் ஆயிடுச்சாங்க?"

"பாஸ் போட்டாச்சே. ரத்துதான் பண்ணணும். பண்ணலாம், ஏன்னா போன்ல தேர்வு வைக்க விதியே இல்ல. போதகர் அய்யா இரக்கத்துல பண்ணிட்டார், நானும் இரக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ரத்து பண்ணினா காரணத்தை ஃபைல்ல எழுதணும். குழு அதைப் பாக்கும். போன்ல பேசினாலே பாஸ் போடற இடம்னு அவங்களுக்குத் தோணிட்டா, இருநூறு பேருக்கும் அங்கீகாரம் கிடைக்காது."

"அப்போ... எழுதாம விட்டுடுங்களேன்" என்றேன்.

"அது முடியாதும்மா" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே பேனாவைத் திறந்து ரத்துக்கான காரணத்தை ஃபைலில் எழுதினார். கவரைத் திருப்பிக் கொடுத்து, ஜூன் பதினெட்டுக்கு அப்புறம் அனுப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இருநூறு பேரா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஒரு நாள் இவர் எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டிய நோயாளியைப் பிரசவ வார்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நான் கடையில் ஒருவருக்குக் கைநீளம் எடுத்து, அதைக் கால்நீளம் என்று எழுதி வைத்தேன். யார் என்றே தெரியாத இருநூறு பேர், அவர்களும் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தவர்கள்தானே? ஒருத்தியாய் பஸ் ஏறிப் போய் அத்தனை பேர் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ஜூன் நான்காம் தேதி, குழுவிலிருந்து ஓர் அம்மா இவருக்கு போன் செய்திருக்கிறார். லிஃப்ட் வாசலில் நின்று பேசினாராம்.

"என்ன சொன்னீங்க?" என்று பதறினேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். பொய் சொன்னதையும் சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'ம்'னாங்க. 'அப்புறம்'னாங்க. 'சொல்லுங்க'ன்னாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எதிர்ல இருக்கறவனுக்கு அது எவ்வளவு கொடுமைன்னு இப்பத்தான் தெரியுது."

அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் பதினெட்டு, பதினொன்றே முக்கால். ஒரு அம்மாவின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது. பதிவாளரம்மா. பேச ஆரம்பித்ததும் அழுதுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "கிடைச்சிருச்சும்மா" என்றார் பிறகு. "ரத்து எழுதினதைப் படிச்சாங்க. விதியை மீறினதுக்கு எனக்கும் போதகர் அய்யாவுக்கும் எச்சரிக்கை கொடுத்திருக்காங்க. கொடுக்கட்டும்! பேப்பரை அனுப்பச் சொல்லுங்க." டேப் கையிலிருந்து நழுவிவிட்டது. அளவு கொடுக்க வந்த அம்மா, "வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார்.

சாயங்காலம் பீரோவைத் திறந்து கவரை நீட்டினேன். உடனே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பார் என்று பார்த்தால், பிரித்து உட்கார்ந்துவிட்டார். "இதை இப்படியே அனுப்ப முடியாதும்மா" என்று ஏழாம் பக்கத்தைக் காட்டினார். அவர் கையெழுத்தில் இருந்தது: 'பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். டாக்டரிடம் கேட்க நினைப்பதை மனதில் வைத்துக்கொண்டு கஷ்டப்படாதீர்கள். நேராகக் கேட்டுவிடுங்கள்.'

படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

"தெரியுது. பாக்காத" என்றார்.

மறுநாள் காலை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பக்கம் சேர்த்து எழுதினார். அரைப் பக்கப் படிவத்தைக் கேட்க முடியாமல் மூன்று மாதம் பொய் சொன்ன கதை முழுவதும் அதில் இருந்தது. நானும் வருகிறேன், 'கோபக்காரி' என்று. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். திருத்தித் திரும்பி வந்தபோது பார்த்தால், போதகர் அய்யா அந்த இரண்டு பக்கத்தின் கீழே மட்டும் எதுவும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சான்றிதழ் வந்ததும் நான் முதலில் பெயரைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்தேன். ஜூலை ஒன்பது.

ஆஸ்பத்திரி ஆபீசுக்கு நானும் கூடப் போய் வாசலில் நின்றேன். அதே கிளார்க். சான்றிதழையும் அங்கீகாரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுப் பார்த்தார். "அங்கீகாரம் ஜூன் பதினெட்டு, பட்டம் ஜூலை ஒன்பது. சரியா இருக்கு. வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்."

இவர் வழக்கம் போலத் தலையாட்டினார். திரும்பி என்னை நோக்கி இரண்டு எட்டு வந்தார். காபி வந்தால் காபியைக் குடிக்கிறவர். வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மறுபடி மேஜைக்குப் போனார்.

"பாக்கலாம்னா என்னைக்குங்க?"

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "செப்டம்பர் ஒண்ணாந்தேதிக்குள்ள வேலை ஆர்டர் வந்துடும்."

"பேப்பரை வாங்கிக்கிட்டதுக்கு சீல் வச்சுக் கொடுத்துடுங்க. அந்தத் தேதியையும் எழுதிடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். சீல் விழுகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.